பெரியவர்களுக்கும் ஒரு பாதுகாவலர் சட்டம் வேண்டும்: சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு பத்திர எழுத்தரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே கடை போட்டுப் பத்திரம் எழுதிப் பிழைப்பவன் நான். கிரயம், தானசெட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, பவர் (நமக்காகக் காரியம் பார்க்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்), உயில் என்று எதுவானாலும் மக்கள் முதலில் வருவது எங்களிடம்தான். வக்கீலிடம் போவது அப்புறம். அதனால் சட்டம் எந்த இடத்தில் ஆளைக் கைவிடுகிறது என்பது எங்களுக்குக் கொஞ்சம் சீக்கிரமே தெரிந்துவிடும். அப்படி ஒரு இடத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

18 வயது தாண்டிய ஒருவர் பக்கவாதத்திலோ விபத்திலோ மறதிநோயிலோ தன் காரியத்தைத் தானே பார்க்க முடியாத நிலைக்குப் போய்விட்டால், அவருக்காகக் கையெழுத்துப் போட யாருக்கு உரிமை? "நான் அவர் சம்சாரம், நான் போடக் கூடாதா?" என்றுதான் வருகிறவர்கள் கேட்கிறார்கள். போடக் கூடாது. மனைவி என்பதாலேயே ஒருவர் கணவனுக்குச் சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை, மகன் என்பதாலேயே அப்பாவுக்கும் ஆகிவிடுவதில்லை. ஒரே ரேஷன் கார்டு, ஒரே அடுப்பு, நாற்பது வருஷக் குடித்தனம் எதுவும் கணக்கில் வராது. 1890ஆம் வருடத்துப் பாதுகாவலர் சட்டம் மைனர்களுக்கானது. மேஜர் ஒருவர் நினைவில்லாமல் படுத்துவிட்டால் அவர் பெயரில் இருக்கும் வீடும் கணக்கும் அவரோடு சேர்ந்து படுத்துவிடுகின்றன.

முதலில் இடிப்பது வங்கியில். படுக்கையில் இருக்கும் வாடிக்கையாளருக்காக ரிசர்வ் வங்கி ஒரு வழி வைத்திருக்கிறது. கையெழுத்துப் போட முடியாவிட்டால் கைநாட்டு வாங்கலாம். கை வராவிட்டால் கால் விரல் ரேகைகூடப் போதும். இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அது உடம்பு ஒத்துழைக்காதவருக்கான விதி. மேலாளர் கட்டிலருகே வந்து "ஐயா, பணம் எடுக்கணுமா?" என்று கேட்கும்போது, பெரியவர் அவரைப் பார்த்து "எப்ப ஊர்லேருந்து வந்தே?" என்று கேட்டால் என்ன செய்வது? கண்டிப்பான மேலாளர் திரும்பிப் போய்விடுவார். இரக்கமுள்ளவர் ரேகையை வாங்கிக்கொண்டு போவார். இரக்கப்பட்டவர் தலையில்தான் கத்தி தொங்கும், நாளைக்குப் பங்காளி ஒருவர் வழக்குப் போட்டால்.

"சரி, பவர் எழுதி வைத்துக்கொள்ளலாமே" என்பது அடுத்த கேள்வி. எங்கள் கடையில் அன்றாடம் புழங்கும் பத்திரம் அது. அதில் இருக்கும் ஓட்டை எழுதிக் கொடுப்பவர்களில் பலருக்குத் தெரியாது. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி, பவர் கொடுத்தவர் இறந்தாலும் பவர் முடிந்துவிடும், அவர் சித்த சுவாதீனம் இழந்தாலும் முடிந்துவிடும். "பின்னாடி எனக்கு ஏதாவது ஆச்சுன்னா என் பொண்ணு பாத்துக்கட்டும்" என்று ஒருவர் அறுபது வயதில் திடமாக இருக்கும்போது எழுதிக் கொடுக்கிறார். எந்த நாளுக்காக எழுதினாரோ அந்த நாள் வந்ததும் பத்திரம் செல்லாக்காசு. நினைவு தப்பிய பிறகு புதிதாக எழுதவும் முடியாது. எழுதிக் கொடுப்பவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று தோன்றினால் சார்பதிவாளர் பதிவை மறுத்தாக வேண்டும் என்கிறது 1908ஆம் வருடப் பதிவுச் சட்டத்தின் 35ஆம் பிரிவு. சார்பதிவாளரை வீட்டுக்கே அழைத்துப் பதிவு செய்யும் வசதியும் உடம்புக்கு முடியாதவருக்குத்தான்.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். பவர் ஏஜெண்ட் கிரயம் எழுதிக் கொடுக்க வரும்போது, பவர் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்று மருத்துவரின் சான்று கேட்கிறோம். மூச்சு இருந்தால் போதும். நினைவு இருக்கிறதா என்பது அந்தச் சான்றின் கவலை இல்லை. அதையும் கேட்க ஆரம்பித்தால் எத்தனை பத்திரங்கள் நின்றுபோகும் என்று எனக்கே யோசிக்கத் தயக்கமாக இருக்கிறது.

அப்படியானால் குடும்பங்கள் எப்படித்தான் ஓட்டுகின்றன? ஏடிஎம் அட்டையும் அதன் ரகசிய எண்ணும்தான் நம் ஊரில் பெரியவர்களுக்கான பாதுகாவலர் சட்டம். அட்டை யார் கையில் இருக்கிறதோ அவரே பாதுகாவலர். பெரும்பாலும் அது அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, இரவில் நான்கு முறை எழுந்து பார்க்கும் மகளோ மருமகளோதான். எடுக்கும் பணம் முழுவதும் அம்மாவுக்கே செலவானாலும், காகிதத்தில் அவர் இன்னொருவர் கணக்கில் கைவைத்தவர். அம்மா போன பிறகு, அதுவரை எட்டிப் பார்க்காத அண்ணன் பாஸ்புக்கை விரித்து வைத்துக் கணக்குக் கேட்பார். கணக்கு இருக்காது, ஏனென்றால் எழுதி வை என்று அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லவில்லை. இன்னொரு ரகமும் உண்டு: பென்ஷனை முழுதாக எடுத்துக்கொண்டு, பெற்றவளுக்குக் கஞ்சி ஊற்றுவதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள். இந்த இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்க சட்டத்தில் ஒரு கருவியும் இல்லை. இரண்டு பேரும் அட்டை வைத்திருப்பவர்கள், அவ்வளவுதான்.

நிலம் என்று வந்தால் இன்னும் மோசம். மறதி எட்டிப் பார்த்த உடனேயே "இப்பவே முடிச்சுடுங்க" என்று செட்டில்மெண்ட் எழுத வந்துவிடுகிறார்கள். எல்லோரும் ஏமாற்ற வருகிறவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வீட்டை அடமானம் வைக்க வேண்டியிருக்கும். ஆறு மாதம் கழித்து அப்பாவால் கையெழுத்துப் போட முடியாது என்று மருத்துவர் சொல்லியிருப்பார். வேறு வழி தெரியாமல் முழுச் சொத்தையும் ஒரு பிள்ளை பேருக்கு மாற்றுகிறார்கள். அப்பாவுக்காகக் கொஞ்ச நாள் நிர்வாகம் பார்க்க ஒரு ஆள் தேவைப்பட்ட இடத்தில், சொத்தே அப்பா கையைவிட்டுப் போகிறது. காரில் உட்கார வைத்தபடியே, பெயரைக் கேட்டால் பெயரையும் ஊரைக் கேட்டால் ஊரையும் சொல்லும்படி பழக்கிக் கூட்டி வருவதையும் பார்த்திருக்கிறேன். நான் எழுத மாட்டேன் என்றால் அடுத்த கடையில் எழுதுவார்கள். பத்து வருஷம் கழித்து அதே பத்திரம் சிவில் கோர்ட்டில் இருக்கும், "எழுதும்போது அவருக்கு நினைவே இல்லை" என்ற வாதத்தோடு.

நம் சட்டத்தில் இருக்கும் வரிசையையும் பாருங்கள். 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, எனக்கு மனநோய் வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று இன்றே எழுதி வைக்கலாம். மீள முடியாத கட்டத்தில் செயற்கை சுவாசம் வேண்டாம் என்று எழுதி வைக்க 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023இல் அந்த நடைமுறையை இன்னும் எளிதாக்கி, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி சான்றொப்பமே போதும் என்றது. உயில் எழுதுவதற்கோ காலம் காலமாக வழி உண்டு. ஆக, என்னை எப்படிச் சாகவிட வேண்டும் என்று நான் எழுதலாம், செத்த பிறகு சொத்து யாருக்கு என்றும் எழுதலாம். இரண்டுக்கும் நடுவில், நினைவில்லாமல் நான் உயிரோடு கிடக்கும் வருஷங்களில் என் வீட்டு கரண்ட் பில்லை யார் என் கணக்கிலிருந்து கட்டலாம் என்று எழுதி வைக்க வழியில்லை.

பாதுகாவலரை நியமிக்கும் சட்டமே நாட்டில் இல்லை என்று சொல்லவில்லை. 1999ஆம் வருடத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர், ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி மூவரும் இருக்கும் உள்ளூர்க் குழு, விண்ணப்பத்தை விசாரித்துப் பாதுகாவலரை நியமிக்கிறது. பிள்ளைக்கு 18 ஆனதும் சான்றுக்காகப் பெற்றோர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போவது இதன்படிதான். இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 16ஆம் பிரிவு. பாதுகாவலர் ஆனவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் கொடுக்க வேண்டும். தப்பு செய்தால் நீக்கலாம். ஆனால் இது ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும். எழுபது வயதில் மறதிநோய் வந்தவருக்கும், பைக்கிலிருந்து விழுந்து கோமாவில் இருக்கும் முப்பது வயதுக்காரருக்கும் இந்தக் கதவு பொதுவாகத் திறப்பதில்லை.

2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இன்னும் பரந்தது. மாவட்ட நீதிமன்றமோ அரசு அறிவிக்கும் அமைப்போ, குறிப்பிட்ட ஒரு முடிவுக்காகக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வரம்புக்குட்பட்ட பாதுகாவலரை நியமிக்கலாம். அவர் சம்பந்தப்பட்டவரைக் கலந்து, அவர் விருப்பப்படி முடிவெடுக்க வேண்டும். கொள்கை அளவில் அருமையானது. ஆனால் குறைபாடுகளை வரிசைப்படுத்தும் அதன் அட்டவணையில் பார்க்கின்சன் பெயர் இருக்கிறது, மறதிநோயின் பெயர் இல்லை. கோமாவில் கிடப்பவரைக் கலந்து பேசுவது எப்படி என்பதற்கும் அதில் பதில் இல்லை.

இதைவிட வினோதம் 2018இல் நடந்தது. 1987ஆம் வருட மனநலச் சட்டத்தில், மனநோயாளியின் சொத்தைப் பார்த்துக்கொள்ள மாவட்ட நீதிமன்றம் விசாரித்து மேலாளரை நியமிக்கத் தனி அத்தியாயமே இருந்தது. 2017 சட்டம் நடைமுறைக்கு வந்த 2018 மே மாதத்தோடு பழைய சட்டம் ரத்தானது. ஆளைச் சங்கிலியில் கட்டிவைக்கும் மனப்பான்மைக்கு எதிராக வந்த நல்ல சட்டம் அது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சொத்து நிர்வாகம் பற்றிய அத்தியாயத்தை எடுத்தவர்கள் அந்த இடத்தில் வேறு ஒன்றையும் வைக்கவில்லை.

அதனால்தான் குடும்பங்கள், உயர் நீதிமன்றத்தில் நேரடியாக ரிட் மனு போட வழிவிடும் அரசியல் சாசனத்தின் 226ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு அங்கே போகின்றன. 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மனைவி வந்தார். கணவர் கோமாவில். சிகிச்சைக்கும் குடும்பத்துக்கும் கணவர் பெயரில் உள்ள சொத்தைத்தான் விற்க வேண்டும். இதற்கென்று சட்டம் இல்லை, சிவில் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று தனி நீதிபதி அனுப்பிவிட்டார். மேல்முறையீட்டில் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், பி.பி.பாலாஜி அமர்வு அந்த உத்தரவை மாற்றி, மனைவியையே பாதுகாவலராக நியமித்தது. 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்பாகப் போட வேண்டும் என்று நிபந்தனையும் போட்டது. நியாயமான, நிதானமான தீர்ப்பு. அதற்கு முன்பே 2019இல் கேரள உயர் நீதிமன்றம், கோமா நோயாளிகளுக்குப் பாதுகாவலர் நியமிக்க நெறிமுறையே வகுத்தது: நரம்பியல் நிபுணர் உள்ள மருத்துவக் குழு பரிசோதிக்க வேண்டும், தாசில்தார் நிலைக்குக் குறையாத அதிகாரி வீட்டுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை தர வேண்டும், பாதுகாவலர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும் என்று.

நீதிபதிகளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சட்டமன்றமும் நாடாளுமன்றமும் விட்டுவைத்த இடத்தை அவர்கள் ஒவ்வொரு வழக்காக நிரப்புகிறார்கள். ஆனால் மாதம் 18,000 ரூபாய் பென்ஷன் வாங்கும் ஒருவரின் கணக்கைத் திறக்க, பரமக்குடியிலிருந்து மதுரைக் கிளைக்கும் செங்கத்திலிருந்து சென்னைக்கும் ரிட் மனு போடச் சொன்னால் யார் போவார்கள்? சொத்து கோடியில் இருந்தால் போகலாம். மற்றவர்களுக்கு ஏடிஎம் அட்டைதான். 60 வயது தாண்டிய இந்தியர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான ஒரு தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. எண்ணிக்கை கூடத்தான் போகிறது. அத்தனை வீட்டையும் ரிட் மனுவால் சமாளிக்க முடியாது.

"பாதுகாவலர் என்று ஒருவருக்கு அதிகாரம் கொடுத்தால் அவரே சுரண்ட மாட்டாரா?" என்று நீங்கள் கேட்கலாம். சுரண்டுவார். அமெரிக்காவில் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ், 2008இலிருந்து 2021 வரை கலிபோர்னியா நீதிமன்றம் நியமித்தவர்களின் கட்டுப்பாட்டில் இருந்தார். மேடையேறிப் பாடிக் கோடிக்கணக்கில் சம்பாதித்துக்கொண்டே, தன் பணத்தின் மீதும் வாழ்க்கையின் மீதும் உரிமை இல்லாமல் பதின்மூன்று வருஷம். அவர் அப்பாதான் நெடுங்காலம் பொறுப்பில் இருந்தார். இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, எல்லோரும் சட்டத்தின் முன் சமமான தகுதி உடையவர்கள் என்று சொல்வதும் இந்தப் பயத்தால்தான். ஒருவரின் சகல உரிமைகளையும் ஒரே கையெழுத்தில் இன்னொருவரிடம் தூக்கிக் கொடுக்கும் சட்டம் வேண்டாம், அப்படி ஒன்றை நான் கேட்கவும் இல்லை. ஆனால் சட்டம் இல்லாததால் சுரண்டல் குறைந்திருக்கிறதா என்றால், எங்கள் கடைக்கு ஒரு வாரம் வந்து உட்கார்ந்து பாருங்கள். மேற்பார்வை உள்ள அதிகாரத்தை மறுத்துவிட்டோம், மேற்பார்வை இல்லாத அதிகாரம் வீட்டுக்கு வீடு நடக்கிறது.

"இது டெல்லி வேலை, எங்கள் கையில் என்ன இருக்கிறது?" என்றும் சொல்லிவிடாதீர்கள். மத்திய அரசும் மாநிலமும் இரண்டுமே சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் ஒப்பந்தம் 7ஆவதாக இருக்கிறது, அதிலும் பவருக்கு அடிப்படையான முகமை என்ற சொல்லோடு. மனநலம் குன்றியவர்கள் தொடர்பான பொருள் அதே பட்டியலில் 16. சொத்து உரிமை மாற்றமும் பத்திரப் பதிவும் 6. மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும், அதற்கும் வழி உண்டு. சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்க 1967இல் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தியது இந்தச் சட்டமன்றம்தான். பெண்ணுக்குப் பிறப்பாலேயே பூர்வீகச் சொத்தில் பங்கு என்று 1989இல் இங்கே எழுதினார்கள், டெல்லிக்கு அது 2005இல்தான் தோன்றியது. அந்தத் திருத்தத்துக்குப் பிறகு பாகப்பிரிவினைப் பத்திரங்களின் வடிவமே மாறியது. கையால் எழுதும் எங்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

நான் கேட்பது இரண்டு. முதலாவது, நினைவு தப்பினாலும் நிலைக்கும் பவர். 201ஆம் பிரிவின் அடிப்படை ஆங்கிலேயர்களின் பழைய சட்டம். அவர்களே 1985இல் சட்டம் கொண்டுவந்து, புத்தி பேதலித்த பிறகும் செல்லும் பவரை ஏற்படுத்தினார்கள், 2005இல் அதை இன்னும் திருத்தினார்கள். சிங்கப்பூரில் 2010 முதல் இது நடைமுறை. அங்கே பொதுப் பாதுகாவலர் அலுவலகத்தில் பவரைப் பதிய வேண்டும், எழுதுபவர் புரிந்துதான் எழுதுகிறாரா என்று மருத்துவரோ வழக்கறிஞரோ சான்று தர வேண்டும். நமக்கும் அது பொருந்தும். திடமாக இருக்கும்போது, சார்பதிவாளர் முன்னால், யார், எதற்கு, எதுவரை என்று வரையறுத்து எழுதட்டும். மருத்துவச் சான்று வந்த பிறகே உயிர் பெறட்டும். நினைவு இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்ய உரிமை இருக்கட்டும். குடியிருக்கும் வீட்டை விற்பதற்கு மட்டும் பவர் போதாது, நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று வைத்துவிடுங்கள். எங்கள் தொழிலுக்கும் இதில் நாலு காசு வரும் என்று யாராவது சொன்னால், வரட்டுமே, அதற்காகச் சொல்லாமல் இருக்க முடியுமா?

இரண்டாவது, அப்படி எழுதி வைக்காதவர்களுக்காக மாவட்டத்திலேயே ஒரு வாசல். மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் வருடச் சட்டப்படி ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) ஏற்கெனவே தீர்ப்பாயமாக உட்காருகிறார். பென்ஷன், மருத்துவச் செலவு, வாடகை வசூல் போன்ற அன்றாடக் காரியங்களுக்கு அவரே அனுமதி தரலாம். சொத்தை விற்பது, அடமானம் வைப்பது என்று வந்தால் மாவட்ட நீதிபதியிடம் போகட்டும். இதை ஆட்சியரிடம் விட வேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். அவருக்கு வெள்ளம், தேர்தல், குறைதீர்ப்பு நாள் என்று ஆயிரம் வேலை, அவர் நேரம் கிடைக்கும் நாளுக்காகக் குடும்பங்கள் காத்திருக்கக் கூடாது. மருத்துவப் பரிசோதனைக்கும் தாசில்தார் விசாரணைக்கும் கேரள நெறிமுறையை எடுத்துக்கொள்ளலாம். கணக்குக் காட்டுவதற்குத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு கண்முன்னே இருக்கிறது. அதிகாரத்துக்குக் காலவரம்பு வேண்டும், ஆள் தேறிவிட்டால் தானே மனுப் போட்டு மீட்டுக்கொள்ள வழியும் வேண்டும். பக்கவாதத்திலிருந்து எழுந்து நடந்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். கணக்கு ஒழுங்காக இருந்தால் அம்மாவைப் பார்த்துக்கொண்ட மகள் அண்ணனின் கேள்விக்கு ஒரு தாளை நீட்டிவிடலாம். பென்ஷனை விழுங்கியவர் மாட்டிக்கொள்வார்.

மசோதாவை எழுத ஆரம்பிக்கும் முன் வங்கிக் கிளை மேலாளர்கள், சார்பதிவாளர்கள், மறதிநோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள், மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் ஆகியோரை அழைத்துப் பேசுங்கள். மாற்றுத்திறனாளிகளிடமிருந்து எதிர்ப்பு வரும், வர வேண்டும். அவர்கள் சொல்லும் திருத்தங்களோடு வரும் சட்டமே தாங்கும். அதற்கெல்லாம் நாள் ஆகும் என்றால், அடுத்த கூட்டத்தொடரில் சட்ட அமைச்சரிடமும் பத்திரப்பதிவு அமைச்சரிடமும் ஒரு கேள்வியாவது கேளுங்கள்: 201ஆம் பிரிவுக்கு மாநிலத் திருத்தம் கொண்டுவர அரசுக்கு எண்ணம் உண்டா, 2016 சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி நம் மாவட்டங்களில் இதுவரை எத்தனை பேருக்குப் பாதுகாவலர் நியமிக்கப்பட்டிருக்கிறார்? பதிலை அவைக்குறிப்பில் ஏற்றுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பத்திர எழுத்தர்